பினியல் பகுதிக் கட்டி: என் மகனுக்கு முதலில் எதைச் செய்வது?

கேள்வி
எழுதியவர்: திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மூன்று மாதங்களாகக் காலையில் எழும்போதே தலை வலிக்கிறது என்பான். சில நாட்கள் வாந்தி எடுப்பான், எடுத்ததும் சற்றுத் தேறிப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவான். பித்தமாக இருக்கும், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்திவிட்டோம். ஒரு மாலை பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது, வந்து நின்ற பேருந்தின் ஊர்ப் பலகையைப் படிக்க அவன் கண்ணை உயர்த்தாமல் தலையையே முழுவதுமாகப் பின்னுக்குச் சாய்த்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவனைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை அசைக்காமல் மின்விசிறியைப் பார் என்றேன். விழிகள் பாதி வரை ஏறி, ஏதோ தடுத்தது போல அங்கேயே நின்றுவிட்டன.

மறுநாள் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் நரம்பு வீங்கியிருப்பதாகக் கூறி, அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையின் நடுவே பினியல் சுரப்பி இருக்கும் இடத்தில் 2.8 செ.மீ. அளவில் கட்டி இருப்பதாகவும், அது மூளை நீர் இறங்கும் வழியை அடைத்திருப்பதால் மூளைக்குள் நீர் தேங்கியிருப்பதாகவும் அறிக்கை வந்தது. இப்போது மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்திருக்கும் மூன்று ஆலோசனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. முதல் மருத்துவர், மண்டையோட்டைத் திறந்து கட்டியை முழுவதும் எடுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு என்கிறார். இரண்டாமவர், எண்டோஸ்கோப்பி மூலம் நீருக்கு வழி செய்துவிட்டு, அதே நேரத்தில் சிறிது சதையும் எடுத்துச் சோதித்து, அதன் பிறகே மற்றதை முடிவு செய்யலாம் என்கிறார். மூன்றாமவர், அந்த இடத்தில் கை வைப்பதே ஆபத்து என்றும், ஷண்ட் குழாய் பொருத்திவிட்டு நேராகக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றும் சொல்கிறார். மூவரும் அனுபவம் உள்ளவர்கள், மூவரும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஓரிரு நாட்களில் நாங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். ஏதோ இரண்டு இரத்தப் பரிசோதனைகளுக்கு மாதிரி எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. இந்த மூன்றில் எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வு பெற்ற மூளை நரம்பியல் அறுவை மருத்துவர்

ஐயா, வணக்கம். உங்கள் மகனின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கு எழுதுவதை அவனுக்கான மருத்துவ முடிவாகக் கொள்ளாமல், அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கான விளக்கமாகக் கொள்ளுங்கள்.

மூன்று மருத்துவர்களும் மூன்று விதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பினியல் பகுதிக் கட்டி என்பது நோயின் பெயரே அல்ல, நோய் குடியிருக்கும் விலாசம். அந்தச் சுரப்பி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்தச் சிறிய இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட வகைக் கட்டிகள் வரலாம். அவற்றில் சில, கத்தியே படாமல் மருந்தாலும் கதிர்வீச்சாலும் கரைந்துபோகும். சில, கதிர்வீச்சுக்கு அசையவே அசையாது, அறுத்து எடுத்தால் மட்டுமே தீரும். இன்னும் சிலவற்றுக்கு அறுவை, கதிர்வீச்சு, கீமோ ஆகிய மூன்றும் சேர்ந்தே வேண்டும். பெயர் தெரியும் முன்பு இந்தச் சிகிச்சைதான் என்று முடிவு செய்வது, எந்தப் பூட்டு என்று தெரியாமல் சாவி செய்வதைப் போன்றது.

உங்கள் மகனுக்கு இப்போது அவசரமானது கட்டி அல்ல, அதற்குப் பின்னால் தேங்கியிருக்கும் நீர். மூளைக்குள் நான்கு நீரறைகள் உண்டு. மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்கு நீர் இறங்கும் வழி ஓரிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய வாய்க்கால். பினியல் பகுதியில் கட்டி வளர்ந்தால் அந்த வாய்க்காலைத்தான் முதலில் நசுக்கும். காலைத் தலைவலிக்கும் வாந்திக்கும் கண் நரம்பு வீக்கத்திற்கும் அதுவே காரணம். அண்ணாந்து பார்க்க முடியாதது, அந்த வாய்க்காலுக்குப் பின்புறமுள்ள நடுமூளைக் கூரை அழுத்தப்படுவதால் வருவது. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த பிரெஞ்சுக் கண் மருத்துவர் பாரினோவின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. பேருந்து நிலையத்தில் நீங்கள் கவனித்தது மிகச் சரியான அறிகுறி. அதைக் கவனித்ததால் காலம் மிச்சமாகியிருக்கிறது. கடந்த மூன்று மாதங்களுக்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம், காலைத் தலைவலியைப் பித்தம் என்று நினைக்காத வீடு நம் ஊரில் குறைவு.

நீரை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஷண்ட் என்பது தலையிலிருந்து தோலுக்கு அடியிலேயே குழாயைக் கொண்டுபோய் வயிற்றுக்குள் வடியவிடுவது. அது நல்ல கருவிதான், ஆனால் வாழ்நாள் முழுவதும் உடலுக்குள் இருக்கும், அடைத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம். அரிதாகக் கட்டியின் செல்கள் அந்தக் குழாய் வழியே வயிற்றுக்கு இறங்கியதும் உண்டு. மற்றது, இரண்டாம் மருத்துவர் சொன்ன எண்டோஸ்கோப்பி. நெற்றிக்குச் சற்று மேலே, முடி தொடங்கும் இடத்திற்குப் பின்னால் சிறு துளையிட்டு, கேமராவுடன் மூன்றாம் நீரறைக்குள் சென்று, அதன் தரையில் ஒரு துளை இட்டு, நீர் வேறு வழியில் ஓடச் செய்வது. குழாய் எதுவும் உள்ளே தங்காது. பினியல் கட்டியால் நீர் தேங்கிய பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருத்தமான முறை. ஏனெனில் நீர் தேங்கி அறைகள் விரிந்திருப்பதே எண்டோஸ்கோப் உள்ளே செல்ல இடம் கொடுக்கிறது. மேலும், அந்த அறையின் பின் சுவரில்தான் கட்டி துருத்திக்கொண்டிருக்கும், அதே அமர்வில் திசுவும் எடுக்கலாம். இரண்டு வேலைக்கும் கோணம் வேறு என்பதால் சில நேரம் இரண்டு துளைகள் இடுவார்கள், அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை நீங்களே நினைவூட்டுங்கள். எண்டோஸ்கோப் உள்ளே போனதும், கழுவும் திரவத்தைத் திறப்பதற்கு முன்பே, மூளை நீரைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அந்த நீரில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. ஆகிய இரண்டின் அளவுகளையும் (சில கட்டிகள் சுரக்கும் புரதங்கள் இவை, மார்க்கர் என்பார்கள்), கட்டிச் செல்கள் மிதக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது இரத்தத்தில் எடுத்திருக்கும் இரண்டு சோதனைகளும் பெரும்பாலும் இவையாகவே இருக்கும். இரத்தத்தில் இயல்பாக இருந்து மூளை நீரில் மட்டும் உயர்ந்திருப்பதுண்டு. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. நீர் தேங்கியிருக்கும் இந்த நிலையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம், யாராவது அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இரண்டு அளவுகளுக்கும் ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். 14 வயதுப் பையனுக்கு இந்த இடத்தில் கட்டி வந்தால், ஜெர்ம் செல் கட்டியாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிப்போம். இனப்பெருக்கச் செல்களாக ஆக வேண்டிய ஆதிச் செல்கள், கருவில் இருக்கும்போதே வழி தவறி மூளையின் நடுக்கோட்டில் தங்கிவிட்டு, பிற்காலத்தில் கட்டியாக வளர்வது இது. பெண்களைவிட ஆண் பிள்ளைகளுக்கே பினியல் பகுதியில் அதிகம் வருகிறது. மேலை நாடுகளைவிட ஜப்பானிலும் கிழக்காசியாவிலும் அதிகம். இந்தக் குடும்பத்தில் சிகிச்சைக்கு நன்றாக இணங்குவது ஜெர்மினோமா, சரியான சிகிச்சையில் 90 விழுக்காட்டினருக்கு மேல் நெடுங்காலம் வாழ்கிறார்கள். அதே குடும்பத்தில் யோக் சாக் கட்டி, கோரியோகார்சினோமா போன்ற மூர்க்கமானவையும் உண்டு, அவற்றுக்குச் சிகிச்சை கடுமையானது. ஏ.எஃப்.பி. தெளிவாக உயர்ந்திருந்தால் அது வெறும் ஜெர்மினோமா அல்ல. அப்போது திசு எடுக்காமலேயே கீமோவைத் தொடங்கலாம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கம். பீட்டா எச்.சி.ஜி. மிக அதிகமாக இருந்தாலும் அப்படியே, சற்றே உயர்ந்திருந்தால் அது ஜெர்மினோமாவாகவும் இருக்கலாம். இரண்டும் இயல்பாக இருந்தால் திசுவைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆக, முதல் மருத்துவர் சொன்ன திறந்த அறுவைக்கு இடமே இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறது. ஜெர்ம் செல் குடும்பத்திலேயே தீங்கற்ற வகையான முதிர்ந்த டெரட்டோமாவாகவோ, பினியல் சுரப்பியின் செல்களிலிருந்தே மெதுவாக வளரும் பினியோசைட்டோமாவாகவோ இருந்தால் முழுவதும் அகற்றுவதே குணம். அதே செல்களிலிருந்து வேகமாக வளரும் பினியோபிளாஸ்டோமாவாக இருந்தாலும் பாதுகாப்பாக எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுப்பது நல்லது. எண்டோஸ்கோப்பியில் திசு போதிய அளவு கிடைக்காவிட்டாலும் திறக்க வேண்டி வரும். ஆனால் ஜெர்மினோமாவை முழுவதும் எடுப்பதால் குணமாகும் வாய்ப்பு கூடுவதில்லை. எடுத்த பிறகும் அதே கதிர்வீச்சு கொடுக்கத்தான் வேண்டும். அப்படியிருக்க, மூளையின் ஆழ்ந்த இரத்தமெல்லாம் வடியும் பெருநாளங்கள் கட்டிக்கு மேலே கூரை போல் கிடக்கும் இடத்தில், ஒரு பிள்ளையை ஏன் தேவையில்லாமல் அந்த அபாயத்திற்கு ஆளாக்க வேண்டும்?

அந்த அபாயம் கற்பனையானதல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெடோர் கிராஸ் 1913இல் சிறுமூளைக்கு மேலாகவும், அமெரிக்காவின் வால்டர் டேண்டி 1921இல் இரு மூளை அரைக்கோளங்களுக்கு நடுவிலும் வழி கண்டார்கள். ஆனாலும் அக்காலத்தில் மேசையிலேயே இழந்த உயிர்கள் மிகுதி. அதனால்தான் பல பத்தாண்டுகள் ஷண்ட் பொருத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கதிர்வீச்சு கொடுப்பதே வழக்கமாக இருந்தது, மூன்றாம் மருத்துவரின் ஆலோசனை அந்தக் காலத்திலிருந்து வருவது. 1971இல் பென்னெட் ஸ்டைன், கிராஸ் சென்ற பழைய வழியை நுண்ணோக்கியின் துணையோடு மீட்டெடுத்த பிறகு நிலைமை மாறியது. அடியிலிருந்து செல்லும் அந்த வழியில் பெருநாளங்கள் கட்டிக்கு மேலேயே ஒதுங்கியிருப்பதால் அவற்றைக் கடக்க வேண்டியதில்லை. இன்று பழகிய கைகளில் திசு எடுப்பதும் கட்டியை அகற்றுவதும் ஏற்கத்தக்க அபாயத்துடன் செய்யக்கூடியவை. அந்த மருத்துவமனையில் இந்த வகைக் கட்டிகளை ஆண்டுக்கு எத்தனை பார்க்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டாம் மருத்துவரின் வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது. முதுகுத் தண்டு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். இந்தக் கட்டிகள் நீர் வழியே முதுகுக்கு இறங்கக்கூடியவை. அறுவைக்கு முன்பே எடுத்துவிட்டால், பிறகு தெரிவது இரத்தக் கசிவா கட்டியா என்ற குழப்பம் வராது.

மறுமொழி 2
எழுதியவர்: கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்

அண்ணா, என் மகனுக்கு இதே கட்டி 16 வயதில் வந்தது. இப்போது அவனுக்கு 23 வயது, வேலைக்குப் போகிறான். முதலில் இதைச் சொல்லிவிடத் தோன்றியது, ஏனென்றால் அன்று எங்களிடம் இப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

மேலே மருத்துவர் ஐயா எழுதியிருக்கும் அந்த மூளை நீரைப் பற்றி நான் என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் இரவோடு இரவாக ஷண்ட் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அப்போது தலையிலிருந்து வெளியே வந்த நீரை ஒரு சோதனைக்கும் அனுப்பவில்லை. இரத்தத்திலும் எதுவும் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து, புற்றுநோய் மருத்துவரிடம் கோப்பை நீட்டினால், அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, மார்க்கர் எங்கே அம்மா, திசு அறிக்கை எங்கே அம்மா என்று இரண்டே கேள்விகள் கேட்டார். எனக்கு அந்தச் சொற்களே புதியவை. ஷண்ட் வைத்ததால் நீரறைகள் சுருங்கிவிட்டன, எண்டோஸ்கோப்பியில் திசு எடுப்பது கடினமாகிவிட்டது என்றார்கள். பிறகு வேறு ஊருக்குப் போய், திறந்த முறையில் திசு எடுத்து, ஜெர்மினோமா என்று தெரிவதற்குள் இரண்டு மாதங்கள் போய்விட்டன. ஆகவே அண்ணா, எந்த வழியில் நீரை வடித்தாலும் சரி, அந்த நீர் எந்த ஆய்வகத்திற்குப் போகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடிக்கிறானா, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறானா? என் மகன் படுக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்துக்கொண்டு விடிவதற்குள் காலி செய்வான். வெயில் காலம் என்று நினைத்துவிட்டோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பிக்கு மேலேயும் சிறியதாக இன்னொரு கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், அறுவை நாளில் உப்புச் சத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் சிக்கலாகிவிடும்.

மறுமொழி 3
எழுதியவர்: கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்

அறுவை மருத்துவர் எழுதியதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. திசு பார்க்காமல் நேராகக் கதிர்வீச்சு கொடுக்கும் யோசனையை மட்டும் என் துறையின் பக்கத்திலிருந்து விளக்குகிறேன், ஏனெனில் அதைக் கேட்கும்போது எளிய வழியாகவே தோன்றும்.

ஜப்பானில் ஒரு காலத்தில் சோதனைக் கதிர்வீச்சு என்ற முறை இருந்தது. 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுத்துவிட்டு மறுபடி படம் எடுப்பார்கள், கட்டி வேகமாகச் சுருங்கியிருந்தால் அது ஜெர்மினோமா என்று கொண்டு மீதியைத் தொடர்வார்கள். ஜெர்மினோமா மிகுதியாக உள்ள நாட்டில், திசு எடுப்பது ஆபத்தாக இருந்த காலத்தில், அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கதிர்வீச்சால் பயன் பெறாத டெரட்டோமா உள்ள பிள்ளைகளின் மூளையும் அந்த அளவைச் சுமக்க நேர்ந்தது. ஜெர்மினோமாவும் வேறொன்றும் கலந்திருந்தால் முதலில் சுருங்கி ஏமாற்றிவிட்டுப் பிறகு வளர்ந்தது. வளரும் மூளைக்கு ஒருமுறை கொடுத்த கதிர்வீச்சைத் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். 1997இல் மசாவோ மட்சுதானி தலைமையிலான ஜப்பானியக் குழு, திசுவால் உறுதி செய்யப்பட்ட 153 நோயாளிகளை ஆராய்ந்து, இந்தக் கட்டிகளை நன்கு குணமாகுபவை, இடைப்பட்டவை, கடினமானவை என்று திசு வகையை வைத்தே பிரித்தது. அளவும் பரப்பும் அந்த வகையைப் பொறுத்தே மாறுகின்றன.

எவ்வளவு மாறுகின்றன என்று பாருங்கள். பரவாத ஜெர்மினோமாவுக்கு இன்று பரவலாகக் கொடுக்கப்படுவது, முதலில் கார்போபிளாட்டின், எட்டோபோசைடு போன்ற மருந்துகளுடன் சில சுற்று கீமோ, பிறகு நீரறைகள் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 24 கிரே. கட்டி முழுவதும் மறையாதவர்களுக்குக் கட்டி இருந்த இடத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. முன்பு மூளைக்கும் முதுகுத் தண்டு முழுவதற்கும் கொடுத்து வந்ததை இவ்வளவு குறைத்திருக்கிறோம். யோக் சாக் போன்ற மூர்க்கமான வகை என்றால், கீமோவுக்குப் பின் கட்டியின் இடத்திற்கு 54 கிரே வரை போக வேண்டும். வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் ஆறு சுற்று கீமோவுடன், மூளைக்கும் தண்டுவடத்திற்கும் 36 கிரேயும் கட்டியின் இடத்தில் மொத்தம் 54 கிரேயும் கொடுத்தபோது, ஐந்தாண்டு கழித்து 93 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள். அதற்கு அடுத்த ஆய்வில், தண்டுவடத்தை விட்டுவிட்டு நீரறைகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு முதுகில் நோய் திரும்பியதால் அதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பினியோபிளாஸ்டோமா என்றால் கணக்கே வேறு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கதிர்வீச்சையே தள்ளிப்போட்டு, உயர் அளவு கீமோவும் இரத்தத்தை உருவாக்கும் அவர்களுடைய ஸ்டெம் செல்களையே திரும்பக் கொடுப்பதுமாகச் சமாளிப்போம். இத்தனை வேறுபாடுகளையும் ஒரு படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க என்னால் முடியாது, என் துறையில் யாராலும் முடியாது.

கீமோ மட்டும் கொடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்க்க முடியாதா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றலாம். 1990களில் பன்னாட்டு அளவில் அதையும் முயன்று பார்த்தார்கள், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. கீமோவுக்குப் பின் கட்டி இருந்த இடத்திற்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்த ஐரோப்பிய ஆய்வில், நோய் திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் பக்கத்து நீரறைகளில் திரும்பியது. நீரறைகள் முழுவதையும் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அந்த அனுபவத்தால்தான்.

மறுமொழி 4
எழுதியவர்: சென்னையிலிருந்து ஒரு வாசகர்

எனக்கு 41 வயதில் இதே இடத்தில் கட்டி வந்தது. மார்க்கர் இரண்டும் இயல்பாக இருந்தன, திசுச் சோதனையில் பினியோசைட்டோமா என்று வந்தது. எனக்குத் திறந்த அறுவைதான் செய்தார்கள். உட்கார்ந்த நிலையில், பின்தலையின் கீழ்ப்பகுதி வழியாகச் செய்தார்கள். அப்படி உட்கார வைத்துச் செய்யும்போது இரத்த நாளத்திற்குள் காற்று புகும் அபாயம் உண்டு என்றும், அதைக் கண்காணிக்க நெஞ்சில் கருவி பொருத்துவோம் என்றும் மயக்க மருத்துவர் முன்பே விளக்கினார். முழுவதும் எடுக்கப்பட்டதால் கீமோவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. மட்டுமே. முதல் சில வாரங்கள் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது, பிறகு சரியாகிவிட்டது. தூக்கம் மட்டும் இன்னும் பழைய ஒழுங்குக்கு வரவில்லை, மெலட்டோனின் அந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது என்கிறார்கள்.

நான் இதை எழுதுவது, திறந்த அறுவை தவறு என்ற எண்ணத்துடன் யாரும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். எனக்கு அதுவே சரியான சிகிச்சை. பெயர் தெரிந்த பிறகு செய்தார்கள் என்பதால் சரியாக அமைந்தது.

மறுமொழி 5
எழுதியவர்: திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தை

எழுதிய அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இரத்தத்தில் ஏ.எஃப்.பி. இயல்பாகவே இருந்தது, பீட்டா எச்.சி.ஜி. 6 என்று சற்றே கூடியிருந்தது. இரண்டாம் மருத்துவரிடமே ஒப்படைத்தோம். அறுவைக்கு முன் முதுகுத் தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அதில் எதுவும் இல்லை. மூளை நீரைக் கழுவும் முன்பே எடுப்பீர்களா என்று நான் கேட்டபோது அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, எடுப்போம் ஐயா, நீங்கள் கேட்டது நல்லது என்றார். அந்த நீரில் பீட்டா எச்.சி.ஜி. 38, ஏ.எஃப்.பி. இயல்பு. திசு அறிக்கையில் ஜெர்மினோமா என்று வந்திருக்கிறது. தண்ணீர் அதிகம் குடிக்கும் பழக்கம் இல்லை, பிட்யூட்டரிப் பகுதியும் படத்தில் சுத்தமாக இருக்கிறது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்து இட்லி கேட்டான். அவன் அம்மா அதைக் கேட்டு அழுதுவிட்டாள். கண் மட்டும் இன்னும் முழுவதும் மேலே ஏறவில்லை.

இப்போது புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நான்கு சுற்று கீமோ, பிறகு நீரறைகளுக்குக் கதிர்வீச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. கட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அதை எடுக்காமலே விட்டுவிடலாமா? புரோட்டான் சிகிச்சைக்குக் கடன் வாங்கியாவது போக வேண்டுமா? கீமோவால் அவனுடைய பிற்கால வாழ்க்கைக்கு என்ன பாதிப்பு வரும்?

மறுமொழி 6
எழுதியவர்: கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்

ஐயா, நல்ல செய்தி. உங்கள் அறிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பது எனக்குப் பெரிய நிம்மதி. எண்டோஸ்கோப்பியில் கிடைப்பது கடுகளவு திசு, அதில் ஜெர்மினோமா மட்டும் தெரிந்து, எட்டாத மூலையில் வேறு வகை ஒளிந்திருப்பதுண்டு. ஏ.எஃப்.பி. இரண்டு இடத்திலும் இயல்பாக இருப்பதால் அந்த ஐயம் பெரிதும் குறைகிறது. திசு ஒன்று சொல்லி மார்க்கர் வேறொன்று சொல்லியிருந்தால் மார்க்கரையே நம்பியிருப்போம்.

கதிர்வீச்சிலேயே ஒரு வகையான புரோட்டான் பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் 2019இலிருந்து ஒரு மையம் இயங்குகிறது. கட்டியைத் தாண்டியுள்ள நல்ல மூளைத் திசுவுக்குப் போகும் அளவைப் புரோட்டான் குறைக்கும் என்பது உண்மை, முதுகுத் தண்டு முழுவதற்கும் கொடுக்க வேண்டியிருந்தால் அந்த நன்மை இன்னும் பெரிது. உங்கள் மகனுக்கு நீரறைகளுக்கு மட்டுமே, அதுவும் 24 கிரே அளவில், ஒரு நாளைக்கு 1.6 கிரே வீதம் 15 நாட்களில் முடியக்கூடியது. இதை நல்ல திட்டமிடலுடன் வழக்கமாகக் கதிர்வீச்சு கொடுக்கும் இன்றைய லீனியர் ஆக்ஸிலரேட்டர் கருவியிலும் செம்மையாகக் கொடுக்கலாம், ஜெர்மினோமா குணமாவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வீட்டை அடகு வைத்துவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை எந்தெந்தச் சிகிச்சைகளுக்கு இணைந்திருக்கிறது என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கீமோ தொடங்கும் முன் காது கேட்கும் திறனையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் ஹார்மோன் அளவுகளையும் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அவன் பருவமடைந்த பையனாக இருந்தால், விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றியும் கேளுங்கள். கூச்சப்பட்டு இதை விட்டுவிடும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் சுற்று ஏறிவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். அவனிடமே நேராகப் பேசுங்கள், 14 வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

மறுமொழி 7
எழுதியவர்: ஓய்வு பெற்ற மூளை நரம்பியல் அறுவை மருத்துவர்

மீதமிருக்கும் கட்டியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஜெர்மினோமா கீமோவுக்கு மிக வேகமாகக் கரையும். இரண்டு சுற்று முடிந்து எடுக்கும் படத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் சிறு எச்சம் தெரிந்தால், அது பல நேரங்களில் தழும்பு மட்டுமே, தொடர்ந்து படம் எடுத்துக் கவனிப்பதே போதும். ஒரு நிலையில் மட்டும் அறுவை மருத்துவரிடம் திரும்ப வர வேண்டும். பீட்டா எச்.சி.ஜி. இயல்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்போது, படத்தில் கட்டி மட்டும் பெரிதாகிக்கொண்டிருந்தால், அது மருந்துக்கு அசையாத டெரட்டோமாப் பகுதி வளர்வதாக இருக்கலாம். அப்போது கீமோவை மாற்றிப் பயனில்லை, முதல் மருத்துவர் சொன்ன அதே திறந்த அறுவையைச் செய்து எடுத்துவிட வேண்டும். அப்படி ஆனாலும் அது குணமாகக்கூடியதே.

எண்டோஸ்கோப்பியில் இட்ட துளை எப்போதாவது மூடிக்கொள்வதுண்டு. ஆகவே காலைத் தலைவலியும் வாந்தியும் மறுபடி வந்தால், கீமோவின் பக்கவிளைவு என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கண் மேலே ஏறுவதற்குச் சில வாரங்களும் ஆகும், சில மாதங்களும் ஆகும். சிலருக்குச் சிறிது குறை தங்கிவிடும், படிப்பதற்கும் எழுதுவதற்கும் அது தடையாக இருக்காது. வாரம் ஒருமுறை அதே கட்டிலில், அதே மின்விசிறியைப் பார்க்கச் சொல்லி, விழி எந்த அளவுக்கு ஏறுகிறது என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.